ஹேமர்ஃபைட்டில் இரண்டு சுட்டிகள்: விவரம் தெரிந்தோர் உதவவும்

குழு அன்பர்களுக்கு வணக்கம். ரஷ்யரான கான்ஸ்டன்டின் கொஷூதின் உருவாக்கி, 2009இல் வெளிவந்த ‘ஹேமர்ஃபைட்’ விளையாட்டைப் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் தம்பி மகனும் நானும் சேர்ந்து விளையாட விரும்புகிறோம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதில் சம்மட்டி போன்ற ஆயுதங்களால் தாக்குவதற்கென்று பொத்தான் ஏதும் இல்லை. சுட்டியை (மவுஸ்) நகர்த்தினால் பறக்கும் பொறி நகரும். அதில் தொங்கும் சம்மட்டியோ சங்கிலிக் குண்டோ அந்த அசைவிலேயே சுழன்று வேகம் பிடிக்கும். அடியின் பலம் அந்த வேகத்தைப் பொறுத்தது. கவண் சுற்றுவது போலத்தான், கை பழகும்வரை குண்டு நம் சொல் கேட்காது.

சிக்கல் இதுதான். ஒரே கணினியில் பல சுட்டிகளை இணைத்து விளையாடும் வசதி இதில் இருந்தும், விண்டோஸ் 11இல் இரண்டாவது சுட்டியைச் செருகியதும் இரண்டும் ஒரே பொறியையே இழுக்கின்றன. எல்லாச் சுட்டிகளையும் திரையில் ஒரே குறியாக இணைத்துவிடுவது விண்டோஸின் இயல்பு என்பதால், அவற்றைப் பிரித்தறியும் அமைப்பு விளையாட்டுக்குள் எங்கோ இருக்க வேண்டும். அது எந்தப் பட்டியலில் (மெனு) உள்ளது என்பதை விளையாடியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மேலும், சுட்டியின் முடுக்கத்தை (கை வேகத்துக்கேற்பக் குறியைக் கூடுதலாக நகர்த்தும் அமைப்பை) அணைத்த பிறகும் என் கம்பியில்லாச் சுட்டி வேகமான வட்டங்களில் தாவுகிறது. பினாங்கிலுள்ள கொம்தார் வணிக வளாகத்தில் விசாரித்தால் விளக்கு மின்னும் சுட்டிகளையே எடுத்து நீட்டுகிறார்கள். அழகுக்கு அவை போதும். அகலமாகக் கையை வீச ஏற்ற, கம்பியுள்ள எளிய சுட்டி எது என்றும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.