கூட வேலை பார்த்தவர் தந்த பாட்டு: உங்களுக்கும் இருக்கிறதா?

காவிரிக்கரை:
இரண்டு டேப் ரிக்கார்டரை எதிரெதிரே வைத்து, ஒன்றில் ஓடும் பாட்டை மற்றதன் மைக்கில் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். 1987, கும்பகோணம் பக்கம் ஒரு வங்கிக் கிளை. நான் கேஷ் கவுண்டரில் புதுசு. பக்கத்தில் லெட்ஜர் பார்த்தவர் வயதில் மிகவும் மூத்தவர், கணக்கைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஒருநாள் கேஷ் டேலி ஆகாமல் இரவு வரை இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். கிளம்பும்போது மேசைமேல் ஒரு டிடிகே 60 கேசட்டை வைத்து, “கேட்டுப் பாருங்க” என்றார், அவ்வளவுதான்.

உள்ளே அட்டையில் பாட்டு வரிசை, எதிரே ராகம், அதற்கும் எதிரே நிமிடக் கணக்கு. கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டு மொத்தக் கூட்டல்! பி பக்கத்தில் ஒரு பாட்டில் சரணம் தொடங்கும்போது பின்னாலிருந்து குக்கர் விசில். உடனே ஒரு குழந்தையின் குரல், “அப்பா, சாப்...”. இவர் “உஷ்” என்கிறார். பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது.

அவருக்குக் குழந்தை இல்லை என்றுதான் ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்கவே இல்லை. அப்புறம் மாற்றலாகிப் போய்விட்டார்.

திருநகர் அக்கா:
பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும். கூடவே விளையாடுகிற பிள்ளைகள் அப்பா என்று கூப்பிடுவது சகஜம்தானே. அது போகட்டும், 87இல் எதற்கு மைக் வைத்துப் பதிவு? ரிக்கார்டிங் சென்டர் தெருவுக்குத் தெரு இருந்ததே. லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் சுத்தமாக அடித்துத் தருவார்கள்.

என் கதை மதுரை ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் போன் கால்களை இணைத்துக் கொடுக்கிற இடம். நைட் டூட்டி. எனக்கு சீனியர் அம்மா ஒருவர், கண்டிப்பானவர். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்த புதிதில் அந்தக் கேசட்டை வாங்கி என் கையில் திணித்தார். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் ராஜா சமர்ப்பணம் செய்தது அது. நடு இரவு தாண்டினால் போன் கால்கள் குறைந்துவிடும். அவர் வாக்மேனில் போட்டு ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பிடித்துக்கொண்டு கேட்டோம். வயலின்கள் ஒன்றையொன்று துரத்துகிற இடத்தில் போர்டில் விளக்கு எரிந்தது. அந்த அம்மா கை நீட்டி என்னைத் தடுத்தார். பாட்டு ஒரு சுற்று முடிந்த பிறகுதான் பிளக்கைச் செருகினார். ஒரு நிமிடம் தாமதமானாலும் எங்களைத் திட்டித் தீர்ப்பவர் அவர். அந்த கால் யாருக்கு வந்ததோ, என்ன அவசரமோ, இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஓம்ஸ் லா:
@காவிரிக்கரை அந்தக் கேசட் இப்போது எப்படி இருக்கிறது? என்னிடமும் ஆபீஸ் நண்பர் கொடுத்தது ஒன்று இருந்தது, பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அதனால் சொல்கிறேன். முதலில் கேசட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது, டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுக்கும் பரவும். நன்றாக இருந்தால் பென்சிலால் கொஞ்சம் சுற்றித் தளர்த்துங்கள். பிறகு ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றுங்கள். ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், தேங்காய் எண்ணெயெல்லாம் வேண்டாம். 60 நிமிடக் கேசட் என்பது நல்லது, 90 நிமிடத்தில் டேப் மெல்லிசு, சீக்கிரம் சிக்கும். மேலே உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்கையும் உடைத்துவிடுங்கள், யாரும் தெரியாமல் மேலே பதிவு செய்ய முடியாது. ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மிமீ ஒயரைக் கணினியின் லைன் இன்னில் செருகி ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்யலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் இரைச்சல் நன்றாகவே குறையும். பின்னணிச் சத்தத்தையும் கொஞ்சம் மெனக்கெட்டால் ஓரளவு குறைக்கலாம்.

காவிரிக்கரை:
ஐயா, நான் வைத்திருப்பதே அந்தப் பின்னணிச் சத்தத்துக்காகத்தான். கேசட் பத்திரமாக இருக்கிறது, நாக்கை அவரே உடைத்துத்தான் கொடுத்தார். அக்கா, பக்கத்து வீட்டுக் குழந்தையை யாரும் அப்படி “உஷ்” என்று அதட்ட மாட்டார்கள்.

வலிகாமம்:
ரிக்கார்டிங் சென்டர், வாக்மேன் எண்டு கதைக்கிறியள். எங்களுக்கு 90க்குப் பிறகு சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லை. பற்றரியும் தடை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த சயன்ஸ் மாஸ்ரர் ஒருவர் என் பிறந்த நாளுக்குக் கசற் ஒன்று தந்தார். கரண்ட் இல்லாமல் கசற்றை வைத்து என்ன செய்கிறது? அதற்கு ஆள் சைக்கிளோடயே வீட்டுக்கு வந்திட்டார். முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரேப் ரெக்கோடரில் தொடுத்து, பெடலைக் கையால் சுற்றத் தொடங்கினார். கசற்றோடு சேர்த்து அந்தச் சுற்றலும் அன்பளிப்பு.

கை களைத்தால் பாடுகிற பெண்ணின் குரல் ஆம்பிளைக் குரலாகும். நாங்கள் சிரித்தால் அவர் வேகமாகச் சுற்றுவார், குரல் கீச்சென்று ஏறும். நான் மாறிச் சுற்றுகிறேன் எண்டு கேட்டும் விடவில்லை, வேர்க்க வேர்க்க ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி முடித்தார். 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கசற் போயிற்று. இப்ப அதே பாட்டு போனில் சரியான வேகத்தில் வருகுது. எனக்கு ஏதோ பிழையாகக் கேட்கிறது.

ஓம்ஸ் லா:
சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட் ஏசி மின்சாரம். அதை டிசியாக மாற்றாமல் நேராக டேப் ரிக்கார்டருக்குக் கொடுக்க முடியாது.

வலிகாமம்:
நேராக எண்டு ஆர் சொன்னது? நாலு டயோட்டும் ஒரு கபாசிற்றரும் இடையில் இருந்தது. மனுசன் சயன்ஸ் மாஸ்ரர் எண்டு சொன்னனான்தானே.

பெஞ்ச் ஆள்:
பெரியவர்கள் நடுவில் என் கதை சின்னது. சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை. டீமில் ஒரு அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு பிளேலிஸ்ட் வைத்திருந்தோம். ரிலீஸ் நாளுக்கு ஒரு பாட்டு அவர் போடுவார், பதிலுக்கு நான் ஒன்று. போன வருஷம் ஆள் குறைப்பில் அவரை அனுப்பிவிட்டார்கள். ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டார். வாட்ஸப்பில் பதில் இல்லை. ஆனால் பிளேலிஸ்டில் மட்டும் எப்போதாவது ராத்திரியில் ஒரு பாட்டு புதிதாகச் சேர்கிறது.

திருநகர் அக்கா:
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நேரில் போய்ப் பார். வேலை போன மனிதரிடம் மெசேஜில் நலம் விசாரிக்கக் கூடாது. வீட்டுக்குப் போ, பழம் வாங்கிக்கொண்டு போ, வேலை பற்றி நீயாக எடுக்காதே. உங்கள் டீமில் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போ.

ஷார்ஜா ஸ்டோர்:
அக்கா, நாலு பேரோடு போனால் துக்கம் விசாரிக்கப் போன மாதிரி ஆகிவிடும். எங்கள் கிடங்கில் ஒரு மலையாளி சேட்டன் இருந்தார். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் யேசுதாசின் தரங்கிணி நிறுவனம் வெளியிட்ட ஓணப் பாட்டுக் கேசட் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. ஒரு வார்த்தை புரியாமலேயே எனக்கு மனப்பாடம். அவர் மனைவி தவறிப் போன வருஷமும் வழக்கம்போலக் கேசட்டை நீட்டினார். வாங்கிப் போட்டுக் கேட்டேன், வேறு எதுவும் பேசவில்லை. அவரும் அதைத்தான் விரும்பினார் என்று இன்றும் நினைக்கிறேன். தம்பி, பேசாமல் நீயும் ஒரு பாட்டைச் சேர்த்துவிடு.

பெஞ்ச் ஆள்:
சேர்த்தேன், சார். விடிவதற்குள் அதைத் தூக்கிவிட்டார். அந்தப் பாடகரை அவருக்கு முதலிலிருந்தே ஆகாது.