சோயா மாத்திரையை நான் மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை

சேலம், பள்ளி ஆசிரியை, வயது 51:

மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கிய சில மாதங்களிலேயே எனக்கு ஹாட் ஃபிளஷ் வந்துவிட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து நெற்றி வரை அனல் ஏறும், முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு மாணவிகள் பக்கம் திரும்பவே கூச்சமாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற பெண் ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுத்த அமெரிக்கப் பேராய்வை, மார்பகப் புற்றுநோய் கூடியதால் 2002-இல் இடையிலேயே நிறுத்தினார்கள் என்று படித்திருந்ததால், ஹார்மோன் சிகிச்சை பற்றி மருத்துவரிடம் கேட்கவே அஞ்சினேன். உடன் பணிபுரியும் அக்கா ஒருவர், "செடியிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடப் போகிறது?" என்று சொல்லி, சோயா ஐசோஃபிளேவோன் (சோயாவில் இருக்கும், ஈஸ்ட்ரோஜனைப் போலவே லேசாகச் செயல்படும் பொருள்) மாத்திரையை வாங்கிக் கொடுத்தார். ஒன்றில் 40 மி.கி., நாளைக்கு இரண்டு.

எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தைராய்டு குறைவு உண்டு. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின், அரை மணி கழித்துக் காப்பியோடு சோயா மாத்திரை என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். நான்கு மாதங்களில் மலச்சிக்கலும், படியேறினால் கால் கனப்பதும், சீப்பு நிறைய முடியும் வந்தன. எல்லாம் வயதின் கோளாறு என்றே இருந்தேன். வழக்கமான பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் இரத்த அளவு) 2.8-இலிருந்து 9.6-க்கு ஏறியிருந்தது. மருத்துவர், "வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டபோது, சற்றும் யோசிக்காமல் "இல்லை" என்றேன். பொய் சொல்லும் எண்ணம் துளியும் இல்லை. அது என் மனத்தில் மாத்திரையாகவே பதிந்திருக்கவில்லை. கைப்பையைத் துழாவியபோது டப்பா வெளியே வந்தது, அவர் அதைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

சோயா தைராய்டு சுரப்பியைக் கெடுத்துவிடவில்லை, குடல் தைராக்ஸினை உறிஞ்சுவதைத்தான் தடுத்திருக்கிறது என்று அவர் விளக்கினார். இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கும்படி சோயாவை இரவுக்கு மாற்றியதும், எட்டு வாரத்தில் அளவு 3.4-க்கு இறங்கியது. டப்பாவின் பின்புறம் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் இருந்ததையும் அன்றுதான் படித்தேன். நம் நாட்டில் இவை உணவுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் துணையுணவாக விற்கப்படுபவை. மருந்துக்கான சோதனைகளைக் கடந்து வந்தவை அல்ல.

பலன் என்று கேட்டால், நாளுக்கு எட்டு முறை வந்த அனல் ஐந்தாகியது. அது மாத்திரையால்தானா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனெனில் இத்தகைய ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கும் கணிசமாகக் குறைந்திருக்கிறது.

திருநெல்வேலி, வயது 56:

எனக்கு மாதவிடாய் நின்று ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. இதே வகை மாத்திரையை யாரையும் கேட்காமல் மூன்றாண்டுகள் எடுத்தேன். ஒருநாள் உள்ளாடையில் சிறு கறை, மறுவாரம் மீண்டும். ஸ்கேனில் கருப்பையின் உட்சவ்வு 9 மி.மீ. இருந்தது. என் நிலையில் இரத்தக் கசிவோடு 4 மி.மீ.-க்கு மேல் தடித்திருந்தால் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். முடிவு வரும் வரையிலான ஆறு நாட்களில் நான் எதையுமே ருசித்துச் சாப்பிடவில்லை. சாதாரணத் தடிப்புதான், புற்றுநோய் இல்லை.

மாத்திரைதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. ஆனால் நாளொன்றுக்கு 150 மி.கி. வீதம் ஐந்தாண்டுகள் கொடுத்துப் பார்த்து 2004-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், சோயா எடுத்தவர்களில் சிலருக்கு இத்தகைய தடிப்பு வந்ததையும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் யாருக்கும் வராததையும் குறிப்பிட்டார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 35 முதல் 150 மி.கி. வரையிலான அளவுகளில் மார்பகத்திலோ கருப்பையிலோ தைராய்டிலோ தீங்குக்கான அறிகுறி இல்லை என்றே சொன்னது. ஆயினும் கருப்பையில் மாற்றம் இல்லை என்று அது சொன்னது 30 மாதங்கள் வரையிலான பயன்பாட்டுக்குத்தான். நான் அதைத் தாண்டியிருந்தேன். சேலத்துச் சகோதரி கவனிக்க: உங்களைப் போல் மாதவிடாய் இன்னும் முழுமையாக நிற்காதவர்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்பதும் அந்த ஆணையத்தின் அறிக்கையில் உண்டு.

தஞ்சாவூர்:

என் தங்கை மார்பகப் புற்றுநோய்க்குப் பின், மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மருந்தை எடுக்கிறாள். மீல் மேக்கர் குழம்பைத் தாராளமாகச் சாப்பிடலாம், ஐசோஃபிளேவோன் மாத்திரை மட்டும் வேண்டாம் என்று அவளுடைய மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.