இரண்டு குச்சி போதாது

குச்சி நிழலை வைத்துப் பூமியை அளந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது அளந்த கதை என்பதைவிட மச்சானிடம் மாட்டிக்கொண்ட கதை.

மார்ச் சம இரவு பகல் நாளைத் தேர்ந்தெடுத்தோம். அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்பதால், உச்சிப்பொழுதில் குச்சிக்கும் கதிருக்கும் இடையே உள்ள கோணம்தான் நம் அட்சரேகை, வேறு கணக்கே வேண்டாம். எனக்குத் தெற்கே 444 கி.மீ. தள்ளி ஒரு நண்பன், ஆளுக்கொரு 1 மீட்டர் குச்சி. ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமமாக்கவே அரைமணி நேரம் போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, நிழலின் நுனி கோடு மாதிரி விழாது, மங்கலாக ஒரு சென்டிமீட்டருக்குப் பரவிக் கிடக்கும். சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமான வட்டு, அதனால் வருகிற வினை. குச்சி உச்சியில் ஒரு அட்டையை ஒட்டி ஊசியால் துளை போட்டேன். பலகையில் குட்டியாக ஒரு ஒளிவட்டம் விழுந்தது, அதன் நடுவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். குச்சியடியிலிருந்து எந்தக் குறிக்குத் தூரம் மிகக் குறைவோ அதுதான் உச்சிப்பொழுது. கடிகாரம் காட்டும் 12 மணியை நம்பாதீர்கள்.

நிழல் எனக்கு 23.1 செ.மீ., அவனுக்கு 16 செ.மீ. கோணத்தில் 13.0, 9.1. வித்தியாசம் 3.9 டிகிரிக்கு 444 கி.மீ. என்றால் 360-க்கு ஏறக்குறைய 41,000. உண்மை 40,008. அவன் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் பிசகியிருக்கும்போல, ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் செய்ததும் இதேதானே, எகிப்தின் தெற்கே சையீனில் நிழல் இல்லை, வடக்கே அலெக்சாண்டிரியாவில் 7.2 டிகிரி, அதாவது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, இடையில் 5,000 ஸ்டேடியா (அக்காலக் கிரேக்க நீள அளவு), ஆக மொத்தம் 2,50,000.

மச்சானிடம் பீற்றிக்கொண்டேன். அவன் தாளை வாங்கி, "தரை தட்டை, சூரியன்தான் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள். ரெண்டு குச்சியும் அப்பவும் இப்படித்தானே நிழல் விடும்?" என்றான். முக்கோணம் போட்டுப் பார்த்தால் சூரியன் 6,250 கி.மீ. உயரத்தில் அழகாக வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு வாயடைத்துப்போனது. பழைய சீனத்தில் இதே மாதிரித் தட்டைத் தரையை வைத்துத்தான் சூரியனின் உயரம் 80,000 லீ (சீன நீள அளவு) என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது, ஆக அவன் கேட்டது கிறுக்குத்தனமான கேள்வியே இல்லை. எரட்டோஸ்தனிஸ் பூமி உருண்டை என்று நிரூபிக்கவில்லை. உருண்டை என்று முன்பே தெரிந்ததால் அதன் அளவைக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

செப்டம்பர் சம நாள் வரை காத்திருந்தேன். 60 டிகிரி வடக்கில் இருக்கும் ஒருவரைக் கெஞ்சிக் கேட்டு மூன்றாவது குச்சியை நடவைத்தேன். நிழல் 173 செ.மீ., குச்சியைவிட நீளம்! எனக்கும் அவருக்கும் வடக்குத் தெற்காக 5,220 கி.மீ. மச்சான் கணக்குப்படி இப்போது சூரியன் சுமார் 3,500 கி.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். ஒரே சூரியன், ரெண்டு உயரம். உருண்டைக் கணக்கிலோ டிகிரிக்கு 111 கி.மீ., கிட்டத்தட்ட 40,000. மச்சான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மறுமொழி 1:
அருமை, ஆனால் அந்த 5,220 எங்கிருந்து வந்தது? வரைபடத்திலிருந்து என்றால், அது பூமி உருண்டை என்று வைத்துப் போட்டதுதானே. உங்கள் மச்சான் இதைக் கேட்காமல் விட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

மறுமொழி 2:
அதற்குத் தூரமே தேவையில்லாத வழி இருக்கிறது. சூரியன் 6,000 கி.மீ.யில் இருந்தால், 60 டிகிரி சாய்ந்து பார்க்கிறவருக்கு அது இரண்டு மடங்கு தொலைவு, வட்டு பாதியாகத் தெரிய வேண்டும். ஊசித்துளை ஒளிவட்டத்தை உச்சியிலும் மாலையிலும் அளந்து பாருங்கள், துளைக்கும் தாளுக்கும் ஒரே இடைவெளி விட்டு, தாளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து. நான் அளந்தேன், 1 மீட்டருக்கு 9 மி.மீ.தான், காலையோ மாலையோ மாறவே இல்லை.

மறுமொழி 3:
நான் தீர்க்கரேகை பார்க்கப்போய் அசிங்கப்பட்டேன். சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது, உச்சிப்பொழுது எப்போது என்று தெரிந்தால் போதும் என்று நினைத்து, நவம்பர் முதல் வாரத்தில் குச்சி நட்டேன். அந்த வாரம் உண்மையான சூரியன் கடிகாரச் சூரியனைவிட 16 நிமிடம் முந்தி வரும் என்பதை மறந்தே போனேன். நாலு டிகிரி கிழக்கே தள்ளி, நட்டநடுக் கடலில் இருப்பதாகக் கணக்கு சொன்னது. மொட்டைமாடியில் நின்றுகொண்டு.