சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் ரொட்வைலர் நாய் வளர்க்கலாமா?

வணக்கம் உறவுகளே. கோண்டாவிலில் எங்கள் வளவுக்குக் காவலாக ஒரு ரொட்வைலர் குட்டி தருவதாக மச்சான் சொல்கிறார். மகளுக்கு ஆறு வயது, மனைவிக்குப் பயம்.

பிரிட்டனில் 1991 சட்டத்தின் கீழ் பிட்புல் போன்ற சில இனங்களைத் தடைசெய்தார்கள். ரொட்வைலர் அதில் இல்லை. 2022இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, நாய்களின் குண வேறுபாட்டில் இனத்தின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்றது. சரி, ஆனால் அந்தப் பெரிய தாடை ஒருமுறை கடித்தாலே போதுமே.

என்னைச் சின்ன வயதில் கடித்தது எங்கள் வீட்டு ஊர்நாய்தான், சோற்றுச் சட்டியை நகர்த்தும்போது. மணிக்கட்டில் இரண்டு பல்லடையாளம் இன்னும் இருக்கிறது.

பிள்ளைகளோடு ரொட்வைலர் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனை மாதத்தில் பழக்கத் தொடங்கினீர்கள்? படலை திறந்து வருகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்ளும்? பகலில் சங்கிலியில் கட்டினால் மூர்க்கம் கூடுமா?