சூலகப் புற்றுநோய்: ஃபோலேட் வாங்கி 60% இருந்தும் மருந்து இல்லையா?

கொட்டகலை_உயிரியல்
உயர்தர வகுப்பில் கலமென்சவ்வு வாங்கிகள் (கலத்தின் மேற்பரப்பில் இருந்து குறிப்பிட்ட பொருளைப் பிடிக்கும் புரதங்கள்) போகுது. பெயர் விபரம் அழித்த ஒரு நோயியல் அறிக்கையை உதாரணமாக எடுத்தேன்: உயர்தரச் சீரஸ் புற்று (சூலகப் புற்றில் ஒரு வகை), ஃபோலேட் வாங்கி ஆல்பா 2+ (சாயமேறிய அழுத்தம்: 1+ மங்கல், 2+ நடுத்தரம், 3+ கடுமை), 60% கலங்களில். பாதிக்கு மேல் இருந்தும் அந்த வாங்கியைக் குறிவைக்கும் மருந்துக்குத் தகுதியில்லை என்று எழுதியிருக்கு. ஏன்? இன்னொன்று, அந்த வாங்கி பிடிப்பது ஃபோலிக் அமிலத்தைத்தானே? அப்போ ரத்தக்குறைவுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுக்கிற குளிசை புற்றுக்குத் தீனியாகுமா? வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுது.

சிலைட்_கண்டி
கோடு 75இல் இருக்கு டீச்சர். மிர்வெடுக்சிமாப் சொராவ்டான்சின் என்ற மருந்துக்கு, உயிருள்ள புற்றுக்கலங்களில் குறைந்தது 75 சதவீதத்தில் மென்சவ்வு 2+ அல்லது 3+ அளவுக்குச் சாயமேறியிருக்க வேண்டும். 1+ எவ்வளவு இருந்தாலும் கணக்கில்லை. குழியவுரு மட்டும் பழுப்பாகி விளிம்பு வெறுமையாக இருந்தால் அதுவும் இல்லை. அழுகிய பகுதியைச் சேர்த்து எண்ணினால் சதவீதமே பொய்.

60 என்று வந்தால் முதலில் சிலைட்டைச் சந்தேகப்படுங்கள். இழையத்தை வெட்டியதும் அதன் பருமனைப்போல் பத்து மடங்கு 10% நடுநிலை ஃபோமலினில் போடணும். பொதுவாக 6 முதல் 72 மணித்தியாலம். சின்னப் போத்தலில் பெரிய துண்டைத் திணித்தால் நடுப்பகுதி ஊறாது: ஓரம் பளிச்சென்று சாயமேறும், நடு வெளிறிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை போட்டது செவ்வாய்வரை அப்படியே இருந்தால் 72 தாண்டியாச்சு. மலைநாட்டில் மாதிரி பஸ் மாறிப் போகிற நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். பலோப்பியன் குழாய்த் துண்டொன்றைச் சேர்த்தே சாயமேற்றினால் விஷயம் தெரிந்துவிடும். அதன் மேலணியில் இந்த வாங்கி இயல்பாகவே உண்டு. அதுவும் வெளிறினால் கோளாறு சாயமேற்றலில்தான்.

கலச்சமிக்ஞை
பாடத்துக்கு ஒன்று சொல்றேன், எல்லா வாங்கியையும் ஒரே கூடையில் போடாதீங்க. இந்த மருந்துக்கு ஃபோலேட் வாங்கி லயத்துக் கதவிலக்கம் மாதிரி. மருந்து இலக்கத்தைப் பார்த்து ஒட்டும், கலம் அதை உள்ளே இழுக்கும், லைசோசோமில் (கலத்தின் செரிமானப் பை) மருந்து சுமந்துவந்த நஞ்சு அவிழ்ந்து நுண்குழாய்களைக் குலைக்கும்.

ஈஜிஎஃப்ஆர் என்ற வளர்ச்சிக்காரணி வாங்கி வேறு ரகம். வளர்ச்சிக்காரணி வெளியே ஒட்டியதும் இரண்டு வாங்கிகள் சோடி சேர்ந்து, உட்பக்க வாலில் உள்ள டைரோசினில் ஒன்றுக்கொன்று பொஸ்பேற்று ஏற்றும். அங்கிருந்து "பிரி", "சாகாதே" என்று கட்டளை போகும். அதை அடைத்தால் புற்று நின்றுவிடும் என்று எதிர்பார்த்தார்கள். முதல்வரிசைக் கீமோ முடிந்தபின் ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் எர்லோட்டினிப் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் நோய் திரும்புவது தள்ளிப்போகவில்லை. மெட், ஏஎக்ஸ்எல் போன்ற பக்கத்து வாங்கிகளும் அதே கட்டளையை அனுப்பக்கூடியவை. ஒரு பாதையை மூடினால் இன்னொன்று திறந்திருக்கு.

சூலகப் புற்று பரவுவது பெரும்பாலும் வயிற்றுக்குள்ளேயே, இரத்தம் வழியாக அல்ல. கலங்கள் உதிர்ந்து வயிற்று நீரில் உருண்டையாய் மிதக்கும். நாம் இரத்தத்தில் அளக்கும் சிஏ 125 என்ற புற்றுக் குறிகாட்டி இருக்கே, அதைச் சுமக்கிற பெரும் புரதம் சுற்றுவிரிப் படையிலுள்ள (வயிற்றறையின் உட்சவ்வு) மீசொதெலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கலங்களின் ஒட்டும் வாங்கிகளான இன்டெக்ரின்கள் அடியிலுள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தில் வேரூன்றும். குடல்மேல் தொங்கும் கொழுப்புத்திரைதான் அதற்குப் பிடித்த இடம், கொழுப்புக்கலங்கள் எரிபொருளும் கொடுக்கும். வயிற்றில் நீர் கட்டுவதில் விஈஜிஎஃப் (இரத்தக்குழாய் வளர்ச்சிக்காரணி) வாங்கிக்குப் பங்குண்டு, அது தூண்டப்பட்டால் இரத்தக்குழாய்கள் ஒழுகும். பெவாசிசுமாப் என்ற மருந்து அந்த வாங்கியைத் தொடுவதில்லை, அதை எழுப்பும் காரணியை வழியிலேயே பிடிக்குது. பிள்ளைகள் பரீட்சையில் சறுக்கும் இடம் இது.

மருந்தாளர்_பதுளை
ஃபோலிக் அமிலக் குளிசையை யாரும் தானாக நிறுத்த வேண்டாம், தானாகக் கூட்டவும் வேண்டாம். உடலின் பெரும்பாலான கலங்கள் ஃபோலேட்டை எடுப்பது வேறொரு கடத்தி வழியாக. எலும்பு மச்சையில் புதுக்குருதி உருவாக அது வேணும். என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று அட்டையோடு கிளினிக்கில் காட்டுங்கள். மெதொட்ரெக்சேற் மாதிரி ஃபோலேட்டுக்கு எதிரான மருந்து போகிறவருக்கு அந்தக் கணக்கே வேறு.

மிர்வெடுக்சிமாப் போட்டால் கண்தான் முதலில் தொந்தரவு தரும், பார்வை மங்கும். தொடங்குமுன் கண் பரிசோதனை கட்டாயம். ஸ்டீரொய்ட் துளி மருந்து ஏற்றுவதற்கு முதல்நாளே தொடங்கி 4ஆம் நாள்வரை தினம் ஆறு தடவை, 5 முதல் 8ஆம் நாள்வரை நான்கு தடவை. கண்ணை ஈரமாக வைக்கும் துளி தனி. இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடமாவது விடணும், இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.