‘பேராசைத் தொடர்வரிசை’யா, ‘மீச்சிறுதேர்வுத் தொடர்வரிசை’யா?

அன்புடையீர், வணக்கம்.

விதியை மீறாத எண்களுள் மிகச் சிறியதையே ஒவ்வொரு படியிலும் அடுத்த உறுப்பாக எடுத்துக் கட்டப்படும் வரிசைகளுக்குப் ‘பேராசைத் தொடர்வரிசை’ என்னும் பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. கணினியியலில், ஒவ்வொரு படியிலும் அப்போதைக்குச் சிறந்ததாகத் தோன்றுவதையே எடுத்துச் செல்லும் முறைக்குப் ‘பேராசை வழிமுறை’ (greedy algorithm) என்னும் பெயர் வழக்கூன்றிவிட்டது உண்மைதான். ஆயினும் இங்கு அது பொருந்தவில்லை என்பது என் உறுதியான கருத்து. பேராசை என்றால் பெரிதை அள்ளுவது. இங்கு நடப்பதோ கிடைப்பவற்றுள் சிறியதை எடுப்பது.

ஓர் எண் மீண்டும் வருமுன், குறைந்தது அந்த எண்ணின் அளவுக்கு வேறு உறுப்புகள் நடுவே வந்திருக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டு எழுதிப் பாருங்கள். முதலில் 1; அதையடுத்து 1 வர இயலாது, ஆகவே 2; பிறகு 1; நான்காம் இடத்தில் 1, 2 இரண்டுமே விலக்கப்படுவதால் 3. தொடர்ந்து எழுதினால் 1, 2, 1, 3, 1, 2, 1, 3 என்று நான்கு நான்காகச் சுழல்கிறது. ஒற்றைப்படை இடங்களை 1 நிரப்ப, எஞ்சியவற்றை 2, 3 ஆகியவை மாறிமாறிப் பகிர்ந்துகொள்வதால் 4 என்றுமே தேவைப்படுவதில்லை. இயல் எண்கள் அனைத்தும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் மூன்றோடு நிறைவுறும் ஒன்றைப் பேராசை என அழைக்க மனம் ஒப்பவில்லை.

எனவே ‘மீச்சிறுதேர்வுத் தொடர்வரிசை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். மீச்சிறு பொது மடங்கு படித்த எவருக்கும் இதன் முன்பாதி விளங்கிவிடும். இத்தகைய வரிசையை, விதிக்கு உட்பட்ட வரிசைகளுள் ‘அகரவரிசையில் முந்தியது’ (lexicographically earliest) என்றும் சொல்வதுண்டு; அது விளைவைச் சொல்கிறதே தவிரச் செய்முறையைச் சொல்லவில்லை.

இதைவிடச் சிக்கலானது ‘இடைவெளி’ என்னும் சொல். மேற்கண்ட வரிசையில் 3 நான்காம் இடத்திலும் எட்டாம் இடத்திலும் வருகிறது: நடுவிலுள்ள உறுப்புகள் மூன்று, இடவெண்களின் வேறுபாடு நான்கு. இரண்டையும் இடைவெளி என்றே எழுதினால் கணக்கில் ஒன்று கூடவோ குறையவோ செய்யும். சொல்லின் அமைப்பே ‘இடையில் உள்ள வெளி’ என்பதால், நடுவிலுள்ள உறுப்புகளின் எண்ணிக்கைக்கு அதை ஒதுக்கிவிட்டு, இடவெண் வேறுபாட்டை ‘இடத்தொலைவு’ எனலாம். ஒரே எண் வரும் எந்த மூன்று இடங்களும் சம இடத்தொலைவில் அமையக்கூடாது என்ற விதி 1, 1, 2, 1, 1, 2, 2, 3, 3, 1 என்று தொடங்குகிறது. அதில் 1 வரும் இடங்கள் 1, 2, 4, 5, 10, 11, 13, 14 என நீள்கின்றன. அவற்றிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்றடிமானத்தில் (0, 1, 2 ஆகிய இலக்கங்களை மட்டும் கொண்டு எண்களை எழுதும் முறையில்) எழுதினால் எதிலும் 2 என்ற இலக்கம் வராது. இந்த அழகிய பண்பை மாணவருக்கு விளக்கும்போது, கழிக்க வேண்டியது எது என்பதில் ஐயம் எழாதிருக்கவே இரு சொற்களையும் பிரித்து ஆளக் கேட்கிறேன்.