தேய்மானம் கழுத்தில், மரத்துப் போவது கட்டைவிரல். ஏன்?

கொடிமலை_வாசி:
வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலை, ஷிஃப்ட் முழுக்கக் குனிந்த தலைதான். கொஞ்ச நாளாகக் கழுத்தின் வலப்பக்கம் தொடங்கி தோள்பட்டை வழியாக வலி இறங்குகிறது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போகின்றன. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து "சி5-சி6 தேய்மானம்" என்று எழுதி, மாத்திரையும் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கோளாறு கழுத்தில் என்றால் விரல் ஏன் மரக்க வேண்டும்? வயது 44தான். அம்மா வேறு, பட்டர்வொர்த்தில் சுளுக்கு எடுப்பவர் கழுத்தைச் சொடுக்கினால் போய்விடும் என்று நச்சரிக்கிறார். போகலாமா?

பிறை_பிசியோ:
கழுத்தில் எலும்பு 7 (சி1 முதல் சி7), நரம்பு வேர் 8 ஜோடி (சி1 முதல் சி8), குழப்பமே இந்தக் கணக்கில்தான். 1 முதல் 7 வரை ஒவ்வொரு நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளியேறும், 8வது மட்டும் 7வது எலும்புக்குக் கீழே. அதனால் சி5-சி6 நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கினாலோ எலும்பு முள் வளர்ந்தாலோ பெரும்பாலும் மாட்டுவது சி6 நரம்பு, அது போய் முடிவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம். சி7 என்றால் நடுவிரல், சி8 என்றால் சுண்டுவிரல். மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகள், அட்லஸும் ஆக்சிஸும், தனி ரகம், நடுவில் டிஸ்க்கே கிடையாது, தலையை இடம் வலம் திருப்புவதில் ஏறக்குறைய பாதி அங்கேதான் நடக்கிறது. தேய்வது பெரும்பாலும் கீழே, சி5 முதல் சி7 வரை. தேய்மானம் என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள் அண்ணே, 40 தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் எக்ஸ்ரேயில் இது இருக்கும். நரம்பு அழுந்துகிறதா என்று எக்ஸ்ரே காட்டாது, அதற்கு எம்ஆர்ஐ.

லுனாஸ்காரன்:
ராத்திரியில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? என் மனைவிக்கு அப்படித்தான், கடைசியில் மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டனல் என்றார்கள். அதுவும் இதே விரல்கள்தான்.

கொடிமலை_வாசி:
உதறினாலும் போகவில்லை. அண்ணாந்து வலப்பக்கம் சாய்த்தால் சுரீர் என்று கை வரை இறங்குகிறது.

பிறை_பிசியோ:
அப்படியானால் கழுத்து நரம்பின் மேல்தான் சந்தேகம் அதிகம். இனி வேண்டுமென்றே அப்படிச் சாய்த்துப் பார்க்க வேண்டாம்.

சொடுக்க மட்டும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் இந்தக் கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. சொடுக்கும்போது அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, அரிதுதான், ஆனாலும் உண்டு. நரம்பு ஏற்கெனவே அழுந்தியிருக்கும்போது எதற்கு அந்த விளையாட்டு? கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அது தண்டுவடமே அழுந்தும் அறிகுறி, கடிதத்துக்குக் காத்திராமல் அன்றே எமர்ஜென்சி.

சூப்பர்வைசரிடம் சொல்லி மைக்ராஸ்கோப்பை உயர்த்தச் சொல்லுங்கள், கண் அதனிடம் இறங்கிப் போகக் கூடாது. அம்மாவைத் தோள்பட்டையில் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள், அவருக்கும் திருப்தியாக இருக்கும்.